போர் எவ்வளவு?

பிரேக் ஆயில் வாடை எனக்கு இன்றும் பிடிக்கும். மீன் கழுவிய தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்டாற்போல் இருக்கும் என்றால் சிரிப்பீர்கள். ஏம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய கரும்பு லாரியிலிருந்து அந்த வாடை வந்த அன்றே பிரேக்கும் போயிற்று. 'மாஸ்டர்' ஒழுகுகிறது, பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்கு அனுப்பும் அந்த மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்றார் அப்பா. வெட்டிய கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது, மறுநாள் ஆலையில் எங்கள் முறை. அப்பா பழையதைக் கழற்ற வண்டிக்கடியில் படுத்துவிட, நான்காம் வகுப்பில் இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா வில்லியனூருக்குப் பேருந்து ஏறினாள்.

உதிரிபாகக் கடைக்காரர் சரியான சிடுமூஞ்சி. அம்மா லாரியின் பெயரைச் சொன்னதும், "போர் எவ்ளோமா?" என்றார். கரும்பு விளையும் ஊரில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான்.

"நூத்தி நாப்பது அடிண்ணே, தண்ணிக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றாள் அம்மா, வெகு பெருமையாக. கடையே சிரித்தது. எனக்குக் கடை மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் ஓட்டையின் அகலத்தைத்தான் கேட்டாராம். அம்மா அலமாரியில் இருந்த ஒன்றைக் காட்டி, "இதும் அதே லாரிக்குத்தானண்ணே, இதயே குடுங்க" என்று கெஞ்சினாள்.

"பழய வண்டிமா. முன்ன வச்சிருந்தவன் இன்னா மாத்தி வச்சானோ. ஓட்ட பெருசா பூட்டா பெடல் கல்லாட்டம் நிக்கும், வண்டி நிக்காது. பழச கழட்டி எடுத்துக்கினு வாங்க."

"கடைய வச்சிக்கினு விக்க மாட்டேன்றாரே, இன்னா மனுஷன்" என்று ஏம்பலம் வந்து சேரும்வரை அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள்.

மாலையில் பழையதைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி போனோம். அவர் துருவைத் தேய்த்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, உள்ளே அளந்தும் பார்த்துவிட்டு, காலையில் அம்மா கேட்டதைப் பக்கத்தில் வைத்தார். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே புதியதன் ஓட்டை பெரிதாக இருந்தது. எங்கள் லாரிக்குப் பொருந்துவதை அவரே உள்ளே போய்த் தேடிக் கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "திடீர்னு ரயில்வே கேட்ட மூடிட்டான், பின்னாடி முழு லோடு. ஒரே மிதி, கேட்டுக்கு ஒரு மொழம் தள்ளி நின்னுடுச்சி. இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல."

அடுத்த வாரமே அம்மா ஒரு கட்டுக் கரும்பைக் கொண்டுபோய் அந்தக் கடையில் சாய்த்து வைத்தாள். "எங்க போர் தண்ணியில வெளஞ்சதுண்ணே" என்றாள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தக் கடை இல்லை, லாரியும் இல்லை. கைபேசியில் படம் பார்த்துக் கேட்டால் எந்தப் பாகமும் வீடு தேடி வந்துவிடுகிறது. விற்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டிய அப்பா நேற்று என் சாம்பாரில் உப்பில்லை, புளியில்லை என்று குறை சொல்லியபடியே இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். சொல்லட்டும், சொல்ல அவர் இருக்கிறாரே என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன்.