மெஷினுக்கு விளங்காத மனம்

"வாப்பா மௌத்தாயிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், வாங்கோ" என்று ரஹீம் நானாவின் மகள் பாத்திமா சிலாவத்துறையிலிருந்து அழைத்துச் சொன்னார். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன், அடையாள அட்டைப் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும் அடங்கிய ஃபைலைப் பழைய பழக்கத்தில் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தேன். மரண வீட்டுக்கும் ஃபைல்! நானா பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி ரேடியோ திருத்தும் கடை போட்ட மனிதர், வீட்டுக் கூரையைக்கூட முடிக்காமல் படம் எடுக்கக் கிளம்பினார். மனித உள்ளத்தைத் துருவிப் பார்க்கும் இயந்திரத்தின் கதை. பழைய ஹெல்மெட் ஒன்றில் செம்புக் கம்பி சுற்றி, உச்சியில் சிவப்பு பல்ப் பொருத்தினார். அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருப்பவர் உண்மை சொன்னால் பல்ப் எரியும். அதாவது, நானா காலால் சுவிட்சை மிதிப்பார். கலியாண வீட்டு வீடியோக்காரனான நான்தான் கேமரா. எங்கள் இருவருக்கும் மூளை கலங்கிவிட்டதென்று ஊர் பேசிக்கொண்டது.

நடிக்க வந்தவர்கள் எல்லோரும் போருக்குப் பிறகு மீள்குடியேறியவர்கள். ஹெல்மெட்டைப் போட்டதும் வசனத்தை மறந்து, அதிகாரிகளிடம் காட்டிப் பழகிய ஃபைலைத் திறந்து நீட்டினார்கள். "குடும்பத்தில ஆறு பேர் ஐயா, ரெண்டு தரம் இடம்பெயர்ந்தனாங்கள்" என்று ஒப்பித்தார்கள். முசலிக் கமக்காரர் ஒருவர் தன் வயல்காணி வரைபடத்தையே மடியில் விரித்துவிட்டார். மூன்று நாளாக இதே கூத்து. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானாவோ உடைந்து போனார்.

"ஒருத்தராவது தன்ர மனசில உள்ளதை ஒண்டு சொல்லோணும். இல்லையெண்டா இந்தப் படமே வேணாம்" என்றார்.

மறுநாள் வாசலில் எழுதிய கார்ட்போர்ட் மட்டை ஒன்று தொங்கியது: 'ஃபைலை வெளியில வைச்சிட்டு வாங்கோ.' தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய கனகம்மா அக்கா வந்து கதிரையில் இருந்தார். வெறுங்கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மனசில என்ன இருக்கு, அக்கா?" என்று நானா கேட்டார்.

கைகளை மடியில் கோத்துக்கொண்டார். பிறகு, "கோவம்" என்றார். "என்னத்தை இழந்தனீங்கள் எண்டு எல்லாரும் கேட்டவை. கோவமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. எனக்குச் சரியான கோவம்!" சொல்லிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

பல்ப் எரியவில்லை. நானா சுவிட்சை மறந்து அழுதுகொண்டிருந்தார்.

"திருப்பி எடுப்பம், நானா."

"வேணாம் தம்பி. மெஷினுக்கு விளங்கேல்ல. அதுதான் படம்."

பாடசாலை மண்டபத்து யன்னல்களுக்கு வெளிச்சம் மறைக்கத் தறப்பாள் கட்டிப் பட்டப்பகலில் திரையிட்டோம். அக்கா பேசி முடித்தும் பல்ப் எரியாமல் நின்ற அந்தக் கணத்தில் மண்டபமே எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது. கனகம்மா அக்கா உட்கார்ந்திருந்த வாங்கில் ஏறி நின்று கையசைத்தார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை வேறெங்கும் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? அன்று நாங்கள் ஜெயித்தோம்.

நானாவின் வீட்டு வாசலில் ஃபைலை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன். அடக்கம் முடிந்து புறப்படும்போது பாத்திமா அந்தச் சிவப்பு பல்பைத் தந்தார். அதை என் மேசையில் வைத்திருக்கிறேன். நல்ல பல்ப்தான். எரிய வைக்கும் எண்ணம் எனக்கில்லை.