முப்பத்தெட்டு அங்குலத்தில் அத்தான்

என் அத்தானுக்கு ஊரில் பாதிப் பேருடைய கால் அளவு மனப்பாடம். செருப்புக் கடையில் ஆண்கள் பகுதியில் இருபத்தாறு வருடமாக வேலை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி ஷூவுக்குள் நுழைப்பார். அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு எனக்கும் அதே கடையில் கல்லாவில் இடம் பிடித்துக் கொடுத்தார். அதனால் இந்தக் கதையில் நான் பார்க்காதது ரொம்பக் குறைவு. பார்க்காததை அக்கா மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள்.

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏப்பா" என்பார்கள், "ஹலோ" என்பார்கள், அவசரக்காரர்கள் விரலைச் சொடுக்குவார்கள். எனக்காவது கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, முறைத்துக்கொள்ளலாம். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறப்பார். பழகிப்போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பல் டாக்டர் பூட்ஸ் வாங்க வந்த நாள்வரை.

பல் டாக்டர் ஆறு வருட வாடிக்கை. அத்தானைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் "ஏப்பா"தான். அன்றைக்கு அவருக்குக் கணுக்காலை மூடுகிற கனமான பூட்ஸ் வேண்டியிருந்தது. அத்தான் கயிற்றைக் கோக்கக் கோக்க, அவர் மேலே இருந்து பேசிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்துப் பேராகப் பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக் காட்டுக்கு டர்ட் பைக் ஓட்டப் போவார்களாம். சேறு, கல், ஓடை, எதுவும் பாக்கியில்லையாம்.

"ரோட்டுல ஓட்டறதெல்லாம் ஒரு ஓட்டா? நீங்களும் ஒரு நாள் வாங்களேன்" என்றார்.

வாசல்வரை போய்விட்டவரிடம் "இருந்து சாப்பிட்டுப் போங்களேன்" என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னது அது. சொல்லும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது பூட்ஸை. அத்தானோ, சாப்பிட உட்கார்ந்தே விட்டார்.

"புதுசா ஆரம்பிக்கறவங்க என்ன வண்டி சார் வாங்கணும்?"

டாக்டர் கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் நியாயமாகத்தான் சொன்னார். "சின்னதா, லேசா, பழசா ஒண்ணு பாருங்க. ரெண்டு காலும் தரையில பதியணும். முதல் வண்டிங்கறது விழறதுக்குன்னே வாங்கறது. அழகு பாத்து வாங்காதீங்க."

அந்த மனிதர் வெளியே போனதும் அத்தான் கல்லாவுக்கு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கேட்டியா? சின்ன வண்டியாம், பழசாம். எனக்கு அது போதுமாம்."

"புதுசா ஓட்டறவங்க எல்லாருக்கும் அதான் சொல்வாரு அத்தான்."

"உனக்குத் தெரியாது. ஆறு வருஷமா அந்த ஆளு என் உச்சந்தலையை மட்டும்தான் பாத்திருக்காரு. வெளிய எங்கயாவது என்னைப் பாத்தா அடையாளம் தெரியுமா அவருக்கு? ஒரு நாளாவது முகத்துக்கு நேரா பாத்துப் பேசட்டும். அவ்வளவுதான் எனக்கு."

உச்சந்தலையில் இருந்த வழுக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார். வாயில் வந்த கிண்டலை விழுங்கிவிட்டேன். எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரம் மதிய இடைவேளை முழுக்க ஆராய்ச்சி. ஸ்டாக் ரூமில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் காலி ஷூப் பெட்டிகளின் மூடியில் குறித்துக்கொள்வார். ஒரு வண்டிக்கு ஒரு மூடி. இன்ஜின் எவ்வளவு, எடை எவ்வளவு, டயர் பட்டை எப்படி, எல்லாம் குட்டிக் குட்டி எழுத்தில். சீட் உயரம் என்று ஒரு வரி. எந்த மூடியில் அந்த எண் பெரிதோ அந்த மூடிக்கு இரண்டு டிக். உயரம் கூடினால் விசேஷம் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். முப்பத்தெட்டு அங்குலம் என்று ஒரு மூடி இருந்தது. அதை மட்டும் தனியாகத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அத்தானின் உயரம் ஐந்தடி மூன்று. இடுப்புக்குக் கீழே இருக்கிறது இருபத்தெட்டு அங்குலம். ஊரார் கால் அளவெல்லாம் தெரிந்தவருக்குத் தன்னுடையது தெரியாது. அக்காவுக்குத் தெரியும், அவருடைய பேன்ட்டை எல்லாம் மடித்துத் தைக்கிறவள் அவள்தான். அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். மனைவியிடம் போய் யார் பைக் விஷயம் கேட்பார்கள்?

வண்டி விற்கிறவனிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழையதும் புதியதுமாக முப்பது வண்டி நின்றது. ஓரத்தில், பெயின்ட் உரிந்த ஒரு குட்டி வண்டி. "ஆரம்பத்துக்கு இது நல்லா இருக்கும் சார்" என்று கைகாட்டினான், அவன் பங்கு யோக்கியத்தனம் அதோடு முடிந்தது. அத்தான் திரும்பியே பார்க்கவில்லை. ஆரஞ்சு நிறத்தில் நெட்டையாக நின்ற ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். பந்தயத்துக்கென்று செய்த வண்டியாம், அந்த முப்பத்தெட்டு அங்குல மூடியில் எழுதியிருந்தது இதைத்தான். சீட்டு அவர் நெஞ்சை எட்டிப் பார்த்தது.

ஏறினார் என்று சொல்ல முடியாது. ஏற்றி உட்கார வைத்தான். வலது காலின் கட்டை விரல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கால் காற்றில் ஆடியது.

"கொஞ்சம் உயரமோ?" என்றார் அத்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். புதுசுல விறைப்பாத்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட இளகிடும். உங்க உடம்புக்குத் தகுந்த மாதிரி அதுவே அமுங்கிக் குடுக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கால் நுழையாத ஷூவை ஒருத்தர் தலையில் கட்டும்போது அத்தான் சொல்கிற வசனம் அது, எழுத்துப் பிசகாமல். "போடப் போட இளகிடும் சார், தோல் இல்லியா." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கல்லாவில் இருந்தபடி கேட்கிறவள் நான். அந்த ஷூ இளகியதே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழங்கையால் அவரை இடித்தேன்.

அவர் என்னைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். "ஆமாம்மா, புதுச் சரக்குன்னா அப்படித்தான். முதல்ல விறைப்பாத்தான் இருக்கும்."

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் காதில் பூச்சுற்றியவர், தன் காதை இப்படித் திருப்பிக் காட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அக்கா ஒதுக்கியிருந்த தொகை அத்தனையும் அந்த ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வீட்டுக்கு அடிக்க வேண்டிய பெயின்ட்டை வண்டிக்கு அடிச்சிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோடு வண்டியில் பைக்கை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் கல்குவாரிக்குப் போனோம். டாக்டர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். அத்தானை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று. தெரிந்ததும், "அட, வாங்க சார் வாங்க!" என்றார். கூட இருந்தவர்களும் "வாங்க சார்" என்றார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, 'கேட்டாயா?' என்பது போல் புருவத்தைத் தூக்கினார். டாக்டர் வண்டியைப் பார்த்தார், அத்தானின் காலைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து, மரியாதைக்காக விட்டுவிட்டார்.

அவர்களுக்குள் யாரும் யாரையும் சார் போட்டுக் கூப்பிடவில்லை. "ஓடை, ஸ்பேனர் எங்க?" "அந்தா இருக்கு முள்ளு." டாக்டரைத்தான் ஓடை என்றார்கள். பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸாம், முள்ளு அவள்தானாம்.

"முதல் தடவை எதுல விழறோமோ அதான் இங்க பேரு. டாக்டர் ஓடையில விழுந்தாரு. அதோ அந்த பாங்க் மேனேஜர் வேலியில போய் மாட்டினாரு, அவரு வேலி. விழாதவங்க எல்லாம் சார்தான். வெளியாளுங்கன்னு அர்த்தம்."

இதை அத்தானிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஒரு பாறைமேல் ஏறி நின்று வண்டியில் உட்கார்ந்து, கிளம்பியே விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், ஓட்டும்வரை நன்றாகவே ஓட்டினார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, மற்றவர்கள் தலைக்கு மேலே தன் தலை தெரிய, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார். அக்காகூட, "பரவால்லியே" என்றாள். ஐம்பது அறுபது அடி போயிருப்பார்கள். அடுத்த சரிவில் எப்படி இறங்க வேண்டும் என்று சொல்வதற்காக டாக்டர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்று, காலை ஊன்றினார்கள்.

அத்தானும் நின்றார், காலை ஊன்றினார். அங்கே தரை இல்லை. பத்து அங்குலம் கீழே இருந்தது.

வண்டி சட்டென்று விழவில்லை. நிதானமாக, யோசித்து யோசித்துச் சாய்ந்தது. அத்தானுக்கு எங்களைப் பார்க்கவும், டாக்டரைப் பார்க்கவும், "ஐயையோ" என்று சொல்லவும்கூட அவகாசம் இருந்தது. பிறகு வண்டி மேலும் அவர் கீழுமாக மண்ணைக் கவ்வினார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கணுக்கால் பிசகியிருந்தது. வலியைவிட, அவர் கண்ணை யாருக்கும் காட்டாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி பேசியே பிழைக்கிறவள் நான், அன்றைக்கு அழுதுவிட்டேன்.

லோடு வண்டியில் திரும்பும்போது முள்ளு சொன்ன பெயர்க் கணக்கை அவரிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "இனிமே அந்த ஆளு கடைக்கு வந்தா நான் ஸ்டாக் ரூமுக்குள்ள போயிடறேன், நீ ஏதாவது சொல்லி அனுப்பிடு."

அத்தோடு விட்டுவிடுவார் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். பத்து நாள் கழித்து, கட்டுப்போட்ட காலோடு என்னைக் கூப்பிட்டார். அதே விற்பனைக்காரனிடம் போனோம். அவன் முகம் வெளிறியது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான் போல. அத்தான் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். "ஆரஞ்சை எடுத்துக்கிட்டு அந்தக் குட்டியைக் குடு" என்றார்.

இந்தத் தடவை மூடியும் இல்லை, வீடியோவும் இல்லை. விழுந்த அன்றைக்குப் போட்டிருந்த பூட்ஸைக் கொண்டுவந்திருந்தார். நல்ல காலில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கட்டுப்போட்ட காலுக்கு அடியில் பூட்ஸ் உயரத்துக்குச் சமமாக ஒரு பலகையை வைக்கச் சொல்லிக் குட்டி வண்டியில் உட்கார்ந்தார். குதிகால் பதிகிறதா என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பதிந்தது. உட்கார்ந்தபடியே முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பார்த்தார். பிறகு இறங்கி, "கீழே போடு" என்றார்.

"என்ன சார்?"

"வண்டியைக் கீழே சாய்ச்சுப் போடு. இவ தூக்குவா. இவளால தூக்க முடிஞ்சா என்னாலயும் முடியும்."

தூக்கினேன். முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் தடவை சுலபமாக. மூன்றாவது தடவை அவர் சொல்லாமலே நானாகப் போட்டுத் தூக்கினேன். கிளட்ச் கம்பி புதியது, சங்கிலி தொய்யவில்லை, சீட் உறையில் மட்டும் கீறல். வாங்கிவிட்டார். ஆரஞ்சின் விலையில் பாதிக்குமேல் கையில் திரும்பி வந்தது. ஹாலுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம் என்று அக்கா இறங்கி வந்தாள்.

ஆனால் அத்தான் ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேச்செடுக்கவில்லை. குட்டி வண்டி வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கால் ஆறும்வரை ஸ்டூலில் உட்கார முடியாததால், முதலாளி அவரைக் கல்லாவில் என் பக்கத்தில் உட்கார வைத்து விலைச்சீட்டு ஒட்டச் சொன்னார். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கை நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம், முதலாளி நடுவில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு பல் டாக்டர் வந்தார். அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார், கால் விடவில்லை. ஸ்டாக் ரூம் தூரத்தில் இருந்தது. நான் அவரை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றேன், ஏதோ பொய் சொல்லத் தயாராக.

"எங்கய்யா ஸ்டாண்டு?" என்றார் டாக்டர், கடை முழுக்கக் கேட்கும்படி.

எனக்குப் புரியவில்லை. அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அடப்பாவி, ஸ்டாண்டு, இங்க ஒளிஞ்சிருக்கியா? ரெண்டு ஞாயித்துக்கிழமையாத் தேடறோம். நின்ன இடத்துல ஸ்டாண்டு இல்லாத வண்டி மாதிரி விழுந்த ஒரே ஆளு நீதான், உனக்குப் பேரு வைக்கிறதுக்கு அன்னிக்கு அரை மணி நேரம் சண்டை போட்டோம் தெரியுமா? முள்ளுதான் இந்தப் பேரை வச்சா. கால் எப்படி இருக்கு?"

வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். முதலாளி தெரியாத்தனமாகத் தானும் சிரித்து வைத்தார். முள்ளு சொன்ன பெயர்க் கணக்கெல்லாம் அந்த நிமிடம் எனக்கு மறந்தே போயிற்று. இந்த மனிதர் ஒரு மரியாதைக்காக வீட்டுப் பெயின்ட்டையும் கணுக்காலையும் கொடுத்திருக்கிறார், அவருக்கு இந்தப் பெயரா? கடை நடுவில், அதுவும் நீ, வா, போ என்றா? வாயைத் திறந்தேன்.

அத்தான் என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். அவர் முகம் நான் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்க்காத மாதிரி இருந்தது. காது மடல்வரை சிவந்து, வாய் மூட மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கால் பரவாயில்ல, ஓடை" என்றார். "வண்டியை மாத்திட்டேன். அடுத்த வாரம் வரேன். நீ என்ன வேணும்னு வந்தே, அதச் சொல்லு முதல்ல."

முதலாளிக்கு அப்படியே சிரிப்பு நின்றுபோனது. டாக்டர் கல்லா மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அத்தானின் முகத்துக்கு நேராகக் குனிந்து, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.