இரண்டு பேர் உட்காரும் வண்டி

வண்டியை வாங்கப் போன அன்று தேயிலைத் தோட்டத்துப் பங்களா முற்றத்தில் நான் இருந்தேன். லாரி ஓட்டும் என் மாமா இருந்தார். சாவிக்கொத்தோடு தோட்டத்து வாச்சர் இருந்தார். ஒரு காலத்தில் அந்த வண்டியைத் தினமும் தள்ளிக் கிளப்பிய நாலு பேரில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். நாலாவது ஆள் என் அப்பா. அவர் வரவில்லை.

காலையில் பேரூர்க்கடை வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு நான் கூப்பிட்டபோது அவர் திண்ணமாகச் சொல்லிவிட்டார். "நான் தள்ளுன வண்டிய நீ காசு குடுத்து வாங்கப் போறியோ? போ, வாங்கு. நான் அதுல கேறமாட்டேன்."

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். நான் பிறந்ததும் அங்கே தொழிலாளர் லயத்தில்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், கைநாட்டு வைக்காமல் முதலில் கையெழுத்துப் போட்டவனும் நான். நகரத்தில் சர்க்கார் ஆபீசில் கிளார்க் ஆனதும் இருவரையும் கீழே கூட்டி வந்துவிட்டேன். சில வருடம் கழித்துப் பங்களாச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்போது கையில் சிட்டிச் சீட்டு பிடித்த பணம் பதினைந்தாயிரம் இருந்தது. சரியாக அதையே விலையாகச் சொன்னார்கள்.

அது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்து விட்டுப்போன வண்டி. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் எண்கோணத்துக்குள் இரண்டு எழுத்து. சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிச் சக்கரங்கள். சீட்டு இரண்டே இரண்டுதான். அவனுக்குப் பிறகு வந்த மேனேஜர்களையும் நாங்கள் தொரை என்றே சொன்னோம். வண்டியும் ஒரு தொரையிடமிருந்து இன்னொரு தொரைக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது.

மலையில் எப்போதும் ஈரம். ஈரத்தில் அது தானாகக் கிளம்பாது. பங்களாவிலிருந்து இறங்கும் சரிவில் நாலு பேர் தள்ளவேண்டும். அப்பாவுக்கு இடது பின் மூலை. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் தேயிலை ஓரமாக நின்று பார்ப்பேன். வண்டி இருமும், மறுபடி இருமும், திடீரென்று பிடித்துக்கொள்ளும். அடுத்த நிமிடம் பச்சை நிறம் மஞ்சுமூட்டத்துக்குள் கரைந்துவிடும். பின்னால் இரண்டு சிவப்பு வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் மிதக்கும், பிறகு அதுவும் இருக்காது. சத்தம் மட்டும் ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்கும். தொலைந்துபோய்விட்டது என்று நினைக்கும்போது அடுத்த வளைவில் மறுபடி கேட்கும். மேகங்களை அந்த வண்டிதான் ஊதிவிடுகிறது என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

எனக்கு எட்டு வயதில் ஒருநாள் அது சட்டென்று பிடித்துக்கொண்டு முன்னே பாய்ந்தது. முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்த அப்பா முகம் குப்புற விழுந்தார். முன்பல் ஒன்று போயிற்று. வண்டி நிற்கவில்லை. சாயங்காலம் அம்மா தொரையைத் திட்டித் தீர்த்தபோது அப்பா வாயைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டுனா ஆஃபாயிரும்லா. அவரு என்ன செய்வாரு?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசியதே இல்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அவரை இடது சீட்டில் உட்காரவைத்துச் சங்குமுகம் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும். நான் அந்த வண்டியை வாங்கியது அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

மாமாவின் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். ஆறு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேடு ஈரத்தில் அப்பம் மாதிரி உப்பியிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அதை வரிவரியாகத் தமிழில் எழுதினேன், ஒரு இருநூறு பக்க நோட்டில். சாயங்காலங்களில் உரக்கப் படிப்பேன். அப்பா அடுத்த அறையில் ரேடியோவைக் கூட்டி வைப்பார். தள்ளிக் கிளப்புவது பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்து வாசலில் நின்றது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார், சுற்றிக்கொண்டு வந்தார்.

"எம் மவன் பதினஞ்சாயிரம் குடுத்து ரெண்டு சீட்டு வாங்கியிருக்கான்," என்று அம்மா கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுல அம்பது சீட்டு உண்டு."

ஆனாலும் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொஞ்சம் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வராவிட்டால் நான் வருகிறேன் என்று பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்பு டிக், டிக் என்றது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாள் பெய்த மழையின் ஈரம்.

எங்கள் சந்து நல்ல சரிவு. சரிவின் அடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பால் வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். பாத்திரத்தைத் திட்டில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பால்காரரையும் சேர்த்துக்கொண்டு தள்ளினார். வண்டி இருமியது. நின்றது. இன்னொரு தடவை. மறுபடி நின்றது.

"இவனும் தொரை மாதிரியேதான்."

வாசற்படியிலிருந்து அப்பா. கையில் பீடி.

"என்னப்பா?"

"கிளச்ச முந்தி விட்டுருத. தொரைக்கும் இதே சூக்கேடுதான், இந்த அவசர வியாதி. பின்னால தள்ளுறவனுக்குத்தாம்லே தெரியும். கையில இருக்க கனம் திடீர்னு போகும். அப்போதான் விடணும். இருபது வருசமா சொல்லணும்னு இருந்தேன். யாருகிட்ட சொல்ல?"

நான் இறங்கினேன். யோசித்துச் செய்ததல்ல. "அப்போ நீங்க உக்காருங்க. நான் தள்ளுதேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா கழுத்தைத் திருப்பி, "வாரும். நான் எவ்வளவு நேரம் இதுக்குள்ள பொம்மை மாதிரி இருக்கது?" என்றாள்.

அவர் பீடியைப் போட்டார். வாசல் சாக்கில் இரண்டு பாதங்களையும் நன்றாகத் துடைத்தார். பிறகு ஏறினார். நான் கியரை இரண்டில் போட்டு, கிளச்சையும் பிரேக்கையும் காட்டினேன்.

"கனம் போனா ஒரு சத்தம் குடு. அதுவரை நான் கிளச்ச விடமாட்டேன்," என்றார் அப்பா.

இடது பின் மூலையில் கை வைத்தேன். தகடு சில்லென்று இருந்தது. தள்ளினோம். முதலில் ஒரு மலையைத் தள்ளுவது போலிருந்தது, பிறகு மாட்டைத் தள்ளுவது போல. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, உள்ளங்கையில் இருந்த கனம் கழன்று போய்விட்டது. யாரோ அதை வாங்கிக்கொண்டது மாதிரி.

"அப்பா!"

விட்டார். வண்டி ஒரு தடவைதான் இருமியது. என் கைகள் காற்றில் நின்றன.

நீலப்புகை சந்து முழுவதும் நிறைந்தது. புகைக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன, அம்மாவின் பிச்சிப்பூவும் அப்பாவின் நரைத்த கிராப்பும். தோட்டத்தில் அப்பா முன்னால் நடப்பார், அம்மா கொஞ்சம் பின்னால் வருவாள். இருவரையும் பக்கம் பக்கமாக, பின்னாலிருந்து, நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பலா இலைகளிலிருந்து நீர் சொட்டியது. இரண்டு சிவப்பு வெளிச்சம் மிதந்து போயிற்று. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சுக்குள் நிற்கும் எட்டு வயதுக்காரனாக நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"பிரேக்! பிரேக் சவுட்டு சேட்டா!" என்று மிதிக்கச் சொல்லிக்கொண்டே ஹெட்மாஸ்டர் ஓடினார்.

"ஏ மனுசா, சவுட்டும்!" இது அம்மா.

அப்பாவின் குரல் எஞ்சினுக்கு மேலே கேட்டது: "நிப்பாட்டுனா ஆஃபாயிரும்டீ!"

சரிவின் அடியில் பாசி பிடித்த மதில் ஒன்று இருந்தது. வண்டி அதை மெதுவாகத்தான் முட்டியது. அதற்கே செங்கல் ஐந்தாறு வரிசை குரோட்டன்ஸ் செடிகளின்மேல் சரிந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. டிக், டிக் என்று பம்பு மட்டும் கேட்டது.

யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மா சேலையிலிருந்து செங்கல்பொடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியாலே? ஒரே தள்ளு."

பல் இல்லாத இடம் தெரிய அவர் சிரித்தார்.

ஹெட்மாஸ்டர் தன் குரோட்டன்ஸைப் பார்த்தார். "தள்ளியதும் ஞான், விழுந்ததும் என்டெ மதில். நல்லா இருக்கு, கேட்டோ." அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மதிலும் உடைந்த முன்விளக்கும் சேர்ந்து ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நான் பணம் எடுக்கப் போனேன். "ஓட்டுனது நான்லா," என்று சொல்லி, தோட்டக் கணக்கு தீர்ந்தபோது கிடைத்த பணத்திலிருந்து அப்பாவே எண்ணிக் கொடுத்தார். வண்டி விலை என்னுடையது, லாரிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் போன ஒன்பதாயிரத்து அறுநூறும் என்னுடையது. எல்லாம் சேர்த்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆனது இருபத்தாறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.