நேர்ந்துவிட்ட சேவலும் என் கத்திரி நாற்றும்

சேவலை முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டவள் நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், இரண்டு வாரம் தள்ளி நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தம்பி போனில் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கண்ணில் பட்ட செஞ்சேவலைப் பிடித்துக் காலில் மஞ்சள் துணியைக் கட்டி, "பார்வை நல்லபடியா வரோணும் சாமி, இதை உனக்கே உட்டர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள்தான் மோகனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் கத்திரி நாற்று நட்டிருந்தேன். வேர் பிடித்துத் தண்டு முற்ற ஒரு மாதம் ஆகும். அதுவரை கோழிகளைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைப்போம். அப்புறம் திறந்துவிட்டால் புழுவைப் பொறுக்கும், எருவும் போடும். பெட்டைகளைக் கவிழ்த்துவிட்டுச் சேவலிடம் போனேன். மாமியார் தடுத்தார்.

"சாமிக்கு உட்டதைக் கவுக்கறதாவது? அது எங்க வேணா மேயும்."

"றெக்கையையாவது வெட்டி உடட்டுங்களா அத்தை?"

"ஊனமானத எந்தச் சாமி ஏத்துக்கும்?"

சேவலை அறுக்கும் முனியப்பன் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. வலை கட்டினேன், ஒரே தாவில் உள்ளே வந்தது. முள் வைத்தேன், முள்ளுக்கு நடுவே நின்று கூவியது. அடிக்கவும் கூடாது. தலையில் துண்டோடு, சூ சூ என்று கையை ஆட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து அது வேப்பமரத்தில் அடையும் வரை தோட்டத்திலேயே கிடந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

தம்பி மில் வேலைக்குப் போகிறவன். அம்மாவுக்குப் பகலில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். பத்து நாளாவது கூட இருக்க வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்கு முதல் நாள் அத்தையிடம் கேட்டேன்.

"போயிட்டு வா, யாரு வேண்டாங்கறா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு என்னால சேவலை முடுக்க முடியாது. செடி போனாப் போவுதுன்னு உட்டுட்டுப் போ."

போ என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னால் எவள் கிளம்புவாள்? லாரியில் வடக்கே போயிருந்த கணவர் "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாமி மேல்கூட வந்தது. நாமக்கல் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம், இதில் ஏறியிருந்தால் மத்தியானச் சோற்றுக்கு அம்மா வீடு என்று நினைத்துக்கொள்வேன். திரும்பிப் பார்த்தால் சேவல் ஒரு பாத்தியைக் கிளறி முடித்திருக்கும்.

கண்கட்டைப் பிரித்த அன்று தம்பி வீடியோ கால் போட்டான். நான் பாத்தி நடுவில் நின்றிருந்தேன். அம்மா போனைக் கிட்டே வைத்து என்னையே பார்த்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது.

"எல்லாந் தெளிவாத் தெரியுது. ஏஞ்சாமி இப்படிக் கறுத்துப் போயிட்ட?"

"வெயிலும்மா."

"ஒடம்பு எளச்சிருக்குது. ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லம்மா."

"எப்ப வார?"

"வாரேன்" என்று சொல்லும்போதே சேவல் நாற்றுக்குள் இறங்கிவிட்டது. போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். நான் மூச்சிரைக்க ஓடியதையும், பிடுங்கப்பட்ட நாற்றைக் குனிந்து மறுபடி ஊன்றியதையும் அம்மா பார்த்திருக்க வேண்டும். எப்போது வருகிறாய் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.