கட்டிலுக்கு ஒவ்வாத மெத்தை

நீங்களே சாட்சியாக இருந்து சொல்லுங்கள்: இடுப்பு வலியால் துடிக்கும் அம்மாவுக்கு நல்ல படுக்கை தேடியது குற்றமா? "எந்த மாதிரி கட்டில் சார்?" என்று கேட்ட கடைக்காரரை, மெத்தை நன்றாக இருந்தால் கட்டில் எதுவானால் என்ன என்று வாதாடி மடக்கினேன். வாங்கி வந்த ஃபோம் மெத்தையை எங்கள் பழைய இரும்புக் கட்டிலில் விரித்தேன். அதன் பட்டைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அம்மா படுத்ததும் மெத்தை அந்தச் சந்துகளில் அமுங்கியது, கட்டில் கிறீச்சிட்டது.

எரிச்சலூட்டும் அந்த ஒலியை ஆறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். பட்டுத்தறி பாதி அறையை அடைத்திருந்த வீட்டில், அம்மாவுக்காக அப்பா ஒரு மரக்கட்டிலுக்கு நைலான் நாடா பின்னினார். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டிப் பழகிய கை, நாடாவையும் அப்படியே இழுத்தது. சட்டம் கிறீச்சிட்டது. மேலே போட்ட இலவம்பஞ்சு மெத்தை வழுக்கி வழுக்கி இறங்கியது.

"பாவு மாரி விண்ணுனு இருக்குது பாரு," என்றார் அப்பா.

"மேளம் மாரி இருக்குதுடா. இது படுக்கவா, கோயில்ல அடிக்கவா?" என்றார் பெரியப்பா.

இருவரும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். படுக்க வேண்டியவரை யாரும் கேட்கவில்லை. அம்மா தறியருகே பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

இன்றும் அம்மா எழுந்து பாயைத்தான் தேடினார். "கடைக்காரன ஜெயிச்சிட்ட இல்ல, போதும்பா."

பட்டிமன்ற மேடைகளில் வாதாடிக் கைதட்டல் வாங்கிய நான், மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கினேன். பிறகு உரக்கவே சொன்னேன்: "நாளைக்கு நீயும் கடைக்கு வாம்மா. கட்டிலும் மெத்தையும் சேர்த்துப் போட்டு, நீ படுத்துப் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்."