தண்ணீர் கொண்டு வந்த லண்டன் மச்சான்

இரண்டு வருடங்களுக்கு முன், தவக்காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் வளவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என் மனைவியின் அண்ணன் லண்டனில் நடிகர். போஸ்டரில் முகம் வருகிற நடிகர் இல்லை. டிவி தொடர்களில் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுபவர், கெட்ட செய்தி சொல்கிற டாக்டர், சில சமயம் பிணம். கணக்கியல் படிக்கப் போனவர், பாதியில் விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். என் மாமனார் அதற்காகச் சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. நடிப்பு கிடைக்காத மாதங்களில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவிச் சீவித்தவர். தலை நரைத்த பிறகும் அதே சின்னச் சின்ன வேடங்கள்தான்.

என் மனைவிக்கோ அவர் பெரிய ஸ்டார். அவர் வருகிற தொடர் எதையும் விடமாட்டாள். நான் சோற்றில் கை வைத்திருந்தாலும் கூப்பிடுவாள்.

"இஞ்ச ஓடி வாங்கோ, அண்ணா வாறார்."

நான் போய் நிற்பதற்குள் அண்ணா வந்து போயிருப்பார். "முதுகுதானே தெரிஞ்சது" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போட்டன.

நானும் நடிகன்தான் என்பது அவளுக்கு நினைவில் இருப்பதில்லை. துறைமுகத்தில் கிளார்க் வேலை என்றாலும், வருடா வருடம் எங்கள் கோயிலில் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்தில் ஆளுநர் நான்தான். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, இந்தப் பழி என்னைச் சேராது என்று எல்லார் முன்னாலும் கை கழுவுகிறவர். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு நான் போடுகிற சத்தத்தைக் கேட்க மட்டக்குளியிலிருந்தும் சனம் வரும். மீன்கடைச் சிங்கள முதலாளி என்னை "கவர்னர் மாத்தயா", கவர்னர் ஐயா, என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் இருந்த பெருமை அவ்வளவுதான்.

அந்த வருடம் பார்த்து மச்சான் லீவில் வந்து இறங்கினார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, மெதுவாகக் கதையைத் தொடங்கினார்.

"லண்டன்ல நடிக்கிறவர் வந்திருக்கிறார். இந்த ஒருமுறை ஆளுநர் வேசத்த அவருக்கு விட்டுக் குடுப்பமா?"

யோசிப்போம் ஃபாதர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மனைவி என் சிவப்பு அங்கியை மடியில் வைத்துத் தையல் பிரித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணாவுக்குத் தோள் அகலமாம்.

ஒத்திகைக்குப் போனேன். எல்லாரும் மச்சானைச் சுற்றி நின்றார்கள். வேடத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுப்போம் என்றுதான் நினைத்தேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அது மச்சான்ட வேசம், அவரே செய்யட்டும். எனக்கு அந்தத் தண்ணி கொண்டு வாற வேலைக்காரன்ட வேசமே போதும்."

அந்த வேலைக்காரனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆளுநர் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். கை சும்மா இருக்கிற யாரையாவது பிடித்து அனுப்புவோம். என் வேடம் தப்பியது, ஆனால் எரிச்சல் கூடியது. பெருந்தன்மை காட்டுகிறாராம்! பிச்சை வாங்கியது போல இருந்தது எனக்கு.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டார்.

"மச்சான், நீங்க இவனுக்கு எப்பவாவது அடிச்சிருக்கிறீங்களா?"

"எவனுக்கு?"

"தண்ணி கொண்டு வாறவனுக்கு."

"எனக்கென்ன தெரியும்? அடிச்சிருப்பன்" என்றேன் கடுப்போடு. அவருக்கு அது போதுமானதாக இருந்தது போல. தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாடகத்தன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நான் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். அவர் தண்ணீரோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊற்றும்போது ஒரு சொட்டு என் காலில் விழுந்தது. உடனே முழங்காலில் விழுந்து, தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, என் கையை ஒருதரம் பார்த்தார். அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை. கடலை கொறித்த கைகள் நின்றன. முன்வரிசையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. நான் கத்துவதற்கு வைத்திருந்த வசனம் மெல்லத்தான் வந்தது. கத்தவேண்டிய தேவையே இருக்கவில்லை.

முடிந்ததும் கை தட்டினார்கள் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படிக் கேட்டதில்லை. கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "உங்களப் பாத்து இண்டைக்குப் பயந்திட்டன்" என்றவர், சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க, உங்கட லண்டன் மச்சான் நடிக்கேல்லயா?"

மச்சான் பக்கத்தில்தான் நின்றார், துண்டு தோளில் கிடந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டு அவருக்கு வந்த சந்தோசத்தை நான் என்ன சொல்ல. பரிசு வாங்கியவர் மாதிரிச் சிரித்தார். கைதட்டல் எல்லாம் எனக்கு வந்தும், சந்தோசம் அவரிடம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் த்ரீவீலரில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க நிண்ட நிலைக்கு, அண்ணாவப் பாக்கவே மறந்திட்டன்."

டிவியில் அவருடைய முதுகைக்கூட விடாமல் தேடிப் பார்க்கிறவள். இத்தனை வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஏங்கியிருந்தேன். கிடைத்தபோது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

அவர் லண்டனுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருடம் வேறொருவர் தண்ணீர் ஊற்றினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன், சனம் கடலை கொறித்துக்கொண்டு பார்த்தது. இப்போதெல்லாம் "அண்ணா வாறார்" என்றால் சோற்றுக் கையோடு நான் முதல் ஆளாக ஓடுகிறேன். மனைவி அண்ணனைத் தேடுவாள். நான் பார்ப்பது அவருக்குப் பக்கத்தில் கம்பீரமாக நிற்கிற கதாநாயகனை. அந்தக் கம்பீரம் யார் கொடுத்தது என்று அந்த ஆளுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். அதனால்தான், எனக்குக் கிடைத்த கைதட்டலை நினைக்கும்போதுகூட எனக்கு மச்சான்மேல்தான் பொறாமையாக இருக்கிறது.