படுத்து அளந்த வீடு

போன வாரம் எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு ஓர் இன்ஜினீயர் பையன் வந்தான். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்ட என்ன செலவாகும் என்று எஸ்டிமேட் போட வந்தவன். அவன் கையில் டார்ச் மாதிரி ஒரு சின்னக் கருவி. அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் பொட்டு விழுகிறது. அறையின் நீளம் அதிலேயே எண்ணாக வந்துவிடுகிறது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. நானும் தம்பியும் வேடிக்கை பார்த்துக்கொண்டே அவன் பின்னால் அறை அறையாகப் போனோம்.

நடுக்கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். வீட்டிலேயே பெரிய இடம் அதுதான். அதில் ஒரு சாமானும் கிடையாது. "இவ்வளவு எடம் ஏன் மேடம் வேஸ்ட்டா கெடக்கு?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் இந்த வீட்டைக் கட்டிய எங்கள் அப்பா.

அப்பா பழைய துறைமுகத்தில், தோணிகளில் சரக்கு அடுக்குவதை மேற்பார்வை பார்த்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகள். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வீடு திரும்பும்போது அவர் சட்டையில் தேங்காய்நார்க் கயிற்றின் வாசனையோடு அன்று ஏறிய சரக்கின் வாசனையும் சேர்ந்து வரும். கொத்தமல்லி நாட்களில் நாங்கள் அவர் மடியிலேயே கிடப்போம். கருவாட்டு நாட்களில் எல்லாருக்கும் திடீரென்று படிப்பில் அக்கறை வந்து மூலைக்கு ஒருவராகப் போய்விடுவோம்.

அப்போது கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஓர் அறையும் ஓர் அடுப்படியும். உடம்பு கட்டிலுக்கு வெளியேயும் தலை கட்டிலுக்கு அடியிலுமாகத் தூங்கிப் பழகியவள் நான். இன்றும் விழித்தால் தலையைச் சட்டென்று தூக்க மாட்டேன். அம்மாவின் அப்பா வைத்தியம் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்தவர், அந்த வீட்டில்தான் இறந்தார். அவரைக் கிடத்த உள்ளே இடமில்லை. சந்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினார்கள். தூறல் விழுந்ததும் அப்பா ஓடிப்போய்த் தோணியை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து மேலே கட்டினார். சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா அதைப் பற்றிப் பிறகு யாரிடமும் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

இந்த மனையை வாங்கியபோது சுற்றிலும் உடைமரங்கள்தான். அப்பா பேப்பரில் பிளான் போடவில்லை. பேப்பரில் வீடு பொய் சொல்லும் என்பார். தோணியில் கழித்த பழைய கயிற்றைக் கொண்டுவந்து, முளை அடித்து, முழு வீட்டையும் தரையிலேயே போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நாங்கள் நேரே அங்கே போய்க் கயிற்று வீட்டில் குடியிருப்போம். நானும் தம்பியும் இல்லாத கதவைத் தட்டி இல்லாத சாவியால் திறந்து விளையாடுவோம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று வீட்டில் பாதிச் சொற்கள் போர்த்துக்கீசியக் கப்பல்களோடு வந்தவை என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது, அவர்கள் எப்படி அடுக்கிக் கொண்டுவந்தார்களோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது எஸ்டிமேட் போட்டவர் சுடலைமுத்து கொத்தனார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கயிற்றைச் சுற்றி ஒரு நடை நடப்பார், வானத்தை அண்ணாந்து பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். அங்கே யார் எழுதி வைத்திருந்தார்களோ. அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் அப்பாவின் கையிருப்பைத் தாண்டியது. செங்கல் விலையைக் குறைக்க முடியாது, கயிற்றைக் குறைக்கலாம். அப்பா முளையைப் பிடுங்கிப் பிடுங்கி உள்ளே தள்ளி அடித்தார். கட்டில் இங்கே, பீரோ அங்கே, ஆட்டுரல் மூலையில் என்று குச்சியால் கோடு கிழித்தார். பின்பக்கத்தில் ஒரு சாமான் அறை. அதற்கு அவர் வைத்த பெயர் குடோன். அதன் பக்கம் மட்டும் முளை நகரவே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொகை கையிருப்புக்குள் வந்தது. கொத்தனார் தலையாட்டினார். அப்பா தோணியை நிரப்பி அனுப்பிய முகத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாள். கட்டில் கோட்டுக்கும் பீரோ கோட்டுக்கும் நடுவே ஒருக்களித்து நடந்தாள். அடுப்படிக்குப் போய்த் திரும்பப் பார்த்தாள். கயிறு காலை இடறியது.

"சாமானுக்கெல்லாம் எடம் இருக்கு. மனுசனுக்கு எங்கன?"

"மனுசன் நடமாடுத சரக்குதானளா. எங்கனயும் நின்னுக்கிடுவான். சும்மா எடம் விட்டா வேஸ்ட்டுல்லா?"

"நிக்கலாம்," என்றாள் அம்மா. "எங்கப்பா எங்கன கெடந்தாவ?"

அவ்வளவுதான் சொன்னாள். கொத்தனார் உடைமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா முளைச் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு குடோனுக்குப் போய், நான்கு முளைகளையும் பிடுங்கி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வந்தார். கோணிகளை விரித்து எங்களை வரிசையாகப் படுக்கச் சொன்னார். தெரிந்த வழியில்தானே ஒரு மனிதர் அளக்க முடியும். நான் ஓர் ஓரம், அடுத்து அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அடுத்து அப்பா, மறு ஓரம் தம்பி. அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து முந்தானையை விலக்கிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நாம," என்றார் அப்பா, படுத்தபடியே. "இதுபோல நாலு பங்கு போடும், கொத்தனாரே."

கொத்தனார் வானத்தைப் பார்த்தார். குடோன் போனதற்கும் கூடம் வந்ததற்கும் சரியாக இருக்கும் என்றார்.

அப்படி வந்த கூடம் இது. மாதா கோயில் திருவிழாவுக்கு மணப்பாட்டிலிருந்து அம்மாவின் ஆட்கள் வந்தால் இங்கேதான் பாய் விரிப்பார்கள். சித்திகளின் பேச்சும் சிரிப்பும் ஓயாது. அப்பா காலையில் வாசலில் நின்று பார்த்து, இன்னும் ரெண்டு பேரை ஏற்றலாம் என்பார். குடோன் இல்லாத குறையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டேதான் இருந்தார்; ஆனால் கூடத்தில் ஒரு நாற்காலியைக்கூடப் போட விட்டதில்லை. அவரை இங்கேதான் கிடத்தினோம். பிறகு அம்மாவையும். அம்மா போன அன்று நல்ல மழை. ஒருவரும் நனையவில்லை. அந்தத் துக்கத்திலும் எனக்கு அது பெரிய நிறைவாக இருந்தது.

இப்போது உப்புக் காற்றில் கூரைக் கம்பிகள் துருப்பிடித்துப் பருத்து, சிமெண்ட் பாளம் பாளமாக விழுகிறது. இடித்துத்தான் ஆக வேண்டும். தோணிகளும் குறைந்துவிட்டன, சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டிக்குள் வந்து பெட்டிக்குள் போகிறது. திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் லாட்ஜில் ரூம் போடுகிறார்கள், காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அப்பா வீடு போட்ட கயிறு எப்போது காணாமல் போனது என்று எனக்கும் தம்பிக்கும் நினைவில்லை.

நேற்று இன்ஜினீயர் பிளானோடு மறுபடியும் வந்தான். கூடத்தில் பெரிய சோபா ஒன்றைப் போட்டிருந்தான். எடுக்கச் சொன்னேன். அப்படியானால் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டான். எனக்கு எண் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் போய்ப் படுத்தான். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, என் ஓரத்தில் படுத்தேன்.

"நடுவுல ஏன் மேடம் இவ்வளவு கேப்? கிட்ட வந்து படுங்க, செலவு கொறையும்."

"அது ஆளு உள்ள எடம், தம்பி," என்றான் என் தம்பி. "சேத்தே அளங்க. அப்புறம் அதுபோல நாலு பங்கு."

பையன் என் தோளருகே குனிந்து கருவியை அமுக்கினான். அம்மாவின் இடத்தையும் அப்பாவின் இடத்தையும் கடந்து போய், சிவப்புப் பொட்டு தம்பியின் தோளில் விழுந்தது.